களத்துக்குப் போன நூடில்ஸ்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், முரசுமோட்டை வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கமாகத் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. ஊரார் அதைச் சீனன் கடை என்றார்கள். மீன் லொறிச் சாரதிகளும், வாய்க்கால் திருத்த வந்த கூலியாட்களும், முல்லைத்தீவு பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் அங்கிருந்த இரண்டு வாங்குகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கோப்பையில் ஆவி பறக்கும் நூடில்ஸை விரலால் சுற்றிச் சாப்பிட்டார்கள். மூங்கில் தட்டுகளில் அவித்தெடுத்த, ஓரம் மடித்த, உள்ளே இறைச்சியோ இறாலோ வைத்த பண்டத்துக்குச் சீனக் கொழுக்கட்டை என்று பெயர் வந்திருந்தது.

கடைக்காரனின் பெயர் லியூ. இளம் வயதில் சீனாவிலிருந்து துணிமூட்டையோடு வந்தவன். யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் இருபது வருடம் சைக்கிளில் சீலைத்துணி விற்றான். துணி இறக்குமதிக்குத் தடை வந்தபோது சைக்கிளும், அகலமான அதன் பின்கரியரும், முல்லைத்தீவுக் கரையிலிருந்து அவனை நம்பிக் கூட வந்த புனிதமும்தான் மிச்சம். கலியாணத்துக்காகக் கத்தோலிக்கக் கோவிலில் அவனுக்கு யோசேப்பு என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை எவரும் சொல்வதில்லை. ஊருக்கு அவன் சீனண்ணை. புனிதத்தின் தகப்பன் கிறகோரி, வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டி, கலியாணத்தன்று மூடிய வீட்டுப் படலையை இன்னும் திறக்கவில்லை. முதலில் ஓமந்தையிலும் பிறகு புதுக்குடியிருப்பிலும் கடை போட்டு, இரண்டு இடத்திலிருந்தும் கிளப்பி விடப்பட்ட பின்னர்தான், முரசுமோட்டைக் கமக்காரர் செல்வநாயகம் தன் காணியின் வீதியோரத் துண்டைக் காட்டி, "உதிலை ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருங்கோ" என்றார். எழுத்து எதுவும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் கொட்டில் நான்கு வருடமாக நின்றது.

மீன்பிடிக்கும் கரையாரச் சாதியில் பிறந்த புனிதத்தின் கையால் சோறு வாங்கித் தின்ன மாட்டாத கமக்காரர்களும் அவளிடம் நூடில்ஸ் வாங்கித் தின்றார்கள். இதைப் பற்றி ஒருமுறை கேள்வி வந்தபோது, நெற்களத்து வேலையில் அனுபவஸ்தனான ஏரம்பு, வாய் நிறைய நூடில்ஸோடு தீர்ப்புச் சொன்னான்: "சோறு எண்டால் சாதி பாக்க வேணும். நூடில்சுக்கு எந்தப் பரமன் வந்து சாதி வைச்சவன்?"

அறுபத்துமூன்றாம் ஆண்டு மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்து சூடுகள் வைத்திருந்த நேரம். அறுத்த கதிரைக் குவித்துக் கூம்பாக அடுக்கிய சூடுகள் வயல்வெளி எங்கும் நின்றன. வானம் இரண்டு நாளாக மூட்டம் போட்டிருந்தது. மழைக்கு முன்னர் சூட்டைப் பிரித்து, மாடுகளைச் சுற்றி நடத்தி மிதிப்பித்து, நெல்லை வீடு சேர்க்க எல்லோரும் ஒரே வேளையில் அவசரப்பட்டார்கள். வியாழக்கிழமை பின்னேரம் செல்வநாயகம் கடைக்கு வந்து வாங்கில் இருக்காமல் நின்றபடியே பேசினார்.

"சீனண்ணை, நாளைக்கு விடியச் சூடு பிரிக்கிறன். பதினாலு பேர். களத்துக்குச் சாப்பாடு வேணும்."

புனிதம் குசினித் தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "ஏன் ஐயா, வீட்டிலை அக்கா?"

"அறியேல்லையே? முந்தநாள் மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுது. பொடியன். வீடு துடக்கு. கட்டிக் குடுத்த மகளின்ர துடக்கு என்னைத் தொடாது, வீட்டைத் தொடும். என்ர மனிசி அருந்ததி அடுப்படியிலை நிக்கேலாது. நான் ரண்டு நாளாய்க் களத்துக் காவல் குடிலுக்கைதான் கிடக்கிறன்."

"அயலிலை..."

"அயலிலை எல்லாருக்கும் நாளைக்குத்தான் சூடு. ஆரைக் கேக்கிறது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "மாவும் பயறும் பூசணிக்காயும் நான் அனுப்புவன். தண்ணி என்ர கிணத்துத் தண்ணி. உங்கட கைவேலை மட்டுந்தான். கண்டியோ பிள்ளை, களத்துச் சாப்பாடு. முதல் இலை பிள்ளையாருக்கு. மச்சம் மாமிசம் ஒண்டும் அண்டக்கூடாது."

"விளங்குது ஐயா. புதுச் சட்டியிலை செய்யிறம்."

அவர் போனபின் புனிதம் கணவனுக்கு விளக்கினாள். பொறுப்பின் பாரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. களம் என்பது வன்னியில் ஏறத்தாழக் கோவில். செருப்போடு ஏற முடியாது. பெண்கள் உள்ளே கால் வைப்பதில்லை. நெல்லைக்கூட அங்கே நெல் என்று சொல்லார்கள், பொலி என்பார்கள்.

"இஞ்சாருங்கோ, எங்கட வெள்ளிக்கிழமை மாதிரித்தான். இறைச்சி கூடாது. அதோடை மீன், இறால், கருவாடு ஒண்டும் கூடாது. மாசிக் கருவாட்டுச் சம்பலும் இல்லை."

"சரி" என்றான் லியூ. "இறைச்சி இல்லை. மீன் இல்லை. இறால் இல்லை."

"நாளைக்குத் தவக்காலத்துத் தபசு வெள்ளி. எங்களுக்கும் அதுதானே."

அன்றிரவு இருவரும் மூங்கில் தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். அவற்றில் பழைய வாசம் மிஞ்சியதாகப் புனிதத்துக்குப் பட்டது. புதிதாய் முடைந்து எடுத்துவைத்திருந்த இரண்டு தட்டுகளை மட்டும் பாவிப்பதென்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை விடிய லியூ பாலைமர உருளையால் மாவை விரித்து, மடித்து, தலைமயிர் போல மெல்லியதாய் நறுக்கினான். அது அவனுடைய வேலை. மாப்பலகைக்குக் கிட்ட அவன் எவரையும் விடுவதில்லை. புனிதம் பயற்றை அவித்து, பூசணியைத் துருவி, இஞ்சி தட்டிப்போட்டு உள்ளீடு செய்தாள். பிறகு இருவருமாய் இருந்து நூற்றிருபது கொழுக்கட்டைகளுக்கு ஓரம் மடித்தார்கள். நூடில்ஸை அவித்து, நல்லெண்ணெய் பிரட்டி, போஞ்சிக்காயும் கோவா இலையும் வதக்கிச் சேர்த்து, வாழையிலை விரித்த ஓலைக் கடகத்தில் நிரப்பினார்கள். அவித்த கொழுக்கட்டை இன்னொரு கடகத்துக்குப் போனது. ஒன்பது மணிக்குச் செல்வநாயகத்தின் வேலையாள் நடராசா வண்டியோடு வந்து இரண்டு கடகங்களையும் ஏற்றிப் போனான்.

"மணக்குது அக்கா" என்றான் போகும்போது. "வழியிலை குறைஞ்சால் மாட்டைக் கேளுங்கோ."

புனிதம் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டக் கொட்டிலின் பின்புறம் போனாள்.

சாம்பல் மேட்டில் முட்டைக்கோதுகள் கிடந்தன. எட்டுக் கோதுகள். உட்புறம் இன்னும் ஈரமாக இருந்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே கணத்தில் விளங்கியது. சாம்பல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கணவனிடம் போனாள்.

"மாவுக்குள்ளை முட்டை போட்டனீங்களோ?"

"நூடில்சுக்கு. கொழுக்கட்டைக்கு இல்லை."

"ஐயோ. முட்டை மச்சம் எல்லே!"

லியூ நிமிர்ந்தான். "முட்டை மச்சமோ? போன வெள்ளி நீ முட்டை பொரிச்சுத் திண்டனி. அதுக்கு முந்தின வெள்ளியும். எங்கட வெள்ளிக்கிழமை மாதிரி எண்டு நீதான் சொன்னனி."

தான் சொன்ன சொல் புனிதத்தின் காதிலேயே மீண்டும் கேட்டது. வேதக்காரரான கத்தோலிக்கருக்குத் தபசு வெள்ளியில் இறைச்சி விலக்கு, முட்டைக்கு விலக்கில்லை. சிறுவயது முதல் பழகிய கணக்கு அது. மீனையும் இறாலையும் விலக்கச் சொல்ல நினைவு வந்த அவளுக்கு முட்டை நினைவில் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக அவளுடைய விரதத்தைப் பார்த்து விரதம் படித்தவனிடம் வேறு எப்படி இருக்கும்?

"முட்டை மாவோடை கரைஞ்சு போச்சு" என்றான் லியூ மெதுவாக. "பூசணி நிறம் எண்டு நினைப்பினம். ஒருத்தருக்கும் தெரியாது. பேசாமல் இரு."

"பிள்ளையாருக்கு இலை போடுவினம்."

"உனக்கு அவர் சாமி இல்லை."

"எனக்கில்லை. அவையளுக்குச் சாமி." அவள் கோதுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. "என்ர அப்பர் கடலுக்குப் போக வலையை எடுத்து வைக்கேக்கை, ஆரும் அதைச் செருப்போடை உழக்கிப்போட்டு, தெரியாததுதானே எண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டால்? அண்டைக்கு மீன்பாடு கிடைச்சாலும் அது களவுதான்."

"சொன்னால் கொட்டில் போகும்."

"போகும்."

"வேறை இடம் இல்லை, புனிதம்."

"எனக்குத் தெரியாதே?"

கிழக்கே, கடற்பக்கமாக, மேகம் கன்னங்கரேலென்று திரண்டிருந்தது. காற்று அசையவில்லை. லியூ கைகளை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதிக்கு வந்து, துணிமூட்டை ஏறிய பின்கரியரைக் கையால் தட்டினான். "ஏறு."

வாய்க்கால் அணைக்கட்டால் ஒரு மைல். அதற்கப்பால் வரம்பு. வரம்பில் சைக்கிள் ஓடாது. புனிதம் இறங்கி ஓடினாள். அறுத்த அடிக்கட்டைகள் காலில் குத்தின. அயல் களங்களிலிருந்து மாடு சாய்க்கும் குரல்கள் கேட்டன. எல்லாக் குரலிலும் அவசரம் இருந்தது. செல்வநாயகத்தின் களத்தில் சூட்டின் பாதி பிரிந்து, கதிர் தரையில் விரிந்து கிடந்தது. மாடுகளை ஓரமாய் நிறுத்தியிருந்தார்கள். நடுவில், அறுகம்புல் குத்திய சாணிப் பிள்ளையாருக்கு முன்னால் ஏரம்பு தலைவாழை இலை விரித்து நீர் தெளித்துவிட்டான். நடராசா நூடில்ஸ் கடகத்தின் மூடியைத் திறந்து வைத்திருந்தான். ஏரம்புவின் கை கடகத்துக்குள் போனது.

"அண்ணை! அதைப் படைக்காதேங்கோ!"

பதினான்கு தலைகள் திரும்பின. புனிதம் களத்தின் எல்லை வரம்பில் நின்றுவிட்டாள். அதற்கப்பால் அவள் கால் வைக்கக்கூடாது. மூச்சு இரைத்தது.

"என்ன பிள்ளை?" என்றார் செல்வநாயகம்.

"அந்தக் கடகத்திலை முட்டை கிடக்கு ஐயா. மாவிலை போட்டுக் குழைச்சது. பிழை என்னிலை. நான் சரியாய்ச் சொல்லேல்லை." முந்தானையை விரித்துக் கோதுகளைக் காட்டினாள்.

ஏரம்பு சூடு பட்டவன்போல் கையை எடுத்தான். மாடு ஒன்று மூச்சு விட்டது.

"நான் அப்பவே சொன்னனான்" என்று பின்னாலிருந்து ஒருவன் தொடங்கினான். "கரையாளும் சீனனும் சேந்து..."

"நீ எப்பவடா சொன்னனி?" என்றான் ஏரம்பு. "விடியத் துவக்கம் எப்ப நூடில்ஸ் வரும், எப்ப நூடில்ஸ் வரும் எண்டுதானே கேட்டுக்கொண்டு நிண்டனி."

ஓரிருவர் சிரிக்கப் பார்த்து, செல்வநாயகத்தின் முகத்தைக் கண்டு அடங்கினார்கள். அவருடைய கண் புனிதத்தில் இல்லை, வானத்தில் இருந்தது. பிரித்த சூட்டைத் திரும்பக் கட்ட முடியாது. பத்து ஏக்கரின் வருடம் தரையில் திறந்து கிடந்தது.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை வந்து சொல்லிப்போட்டாய்" என்றார். "எனக்கும் இனிச் சொல்லத்தான் வேணும். இந்தச் சூடு மிதிச்சுத் தீரமுதல் ஒரு துளி இதிலை விழட்டும். நாளைக்கு விடிய அந்தக் கொட்டில் என்ர காணியிலை நிக்கக்கூடாது."

வரம்பில் அவள் பின்னால் வந்து நின்ற லியூ இதைக் கேட்டான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். "சரி ஐயா" என்றான்.

அவ்வளவில் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் பதினான்கு பேருக்குப் பசி இருந்தது. நடராசா மற்றக் கடகத்தைப் பார்த்தான். "கொழுக்கட்டையிலையும் முட்டையோ, சீனண்ணை?"

"இல்லை. மாவும் தண்ணியும். உள்ளுக்குப் பயறு, பூசணி, இஞ்சி."

"சத்தியமாய்?"

"அதையும் மறைக்கிறவள் எண்டால் இதைச் சொல்ல ஓடிவருவளே?" என்று ஏரம்பு எரிந்து விழுந்தான். ஒரு கொழுக்கட்டையை எடுத்துப் பிட்டு, மணந்து பார்த்தான். பிறகு கையை மீண்டும் கழுவி, வேறு மூன்றை எடுத்து இலையில் வைத்தான். "மடிப்புத்தான் புதுசு. மற்றும்படி இவருக்கு விருப்பமான சாமான்தான்" என்றான், சாணிப் பிள்ளையாரைக் காட்டி.

ஆட்கள் இருந்து சாப்பிட்டார்கள். செல்வநாயகம் சாப்பிடவில்லை. காவல் குடிலின் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

நூடில்ஸ் கடகம் சைக்கிள் கரியரில் ஏறிக் கடைக்குத் திரும்பியது. புனிதம் பின்னால் நடந்து வந்தாள். மத்தியானம் வந்த மீன் லொறிச் சாரதி செபமாலை மூன்று கோப்பை சாப்பிட்டான். "இண்டைக்கு முட்டை கூடப் போல, புனிதமக்கா. நல்ல பதம்" என்றான். அவள் கிழக்கே பார்த்தபடி நின்றாள். மேகம் தலைக்கு மேல் வந்தது. விலகியது போலிருந்தது. திரும்பவும் வந்து கூடியது. இரண்டு மணிக்கு ஒரு காற்றடித்து வெயில்கூட எறித்தது. அப்போது லியூ, அன்று முதல் தடவையாக, ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தான்.

"பின்னேரம் ஆறு மணிக்குள்ளை மிதிச்சு முடிச்சிடுவினம்" என்றாள் புனிதம்.

"ம்."

"கெதியாய்ச் செய்தால் அஞ்சுக்கே முடியும்."

நான்கு மணிக்கு முன்னரே முதல் துளி விழுந்தது. கொட்டிலுக்கு முன்னால் வீதிப் புழுதியில் ஒரு குழி, தள்ளி இன்னொரு குழி. அவள் அந்த இரண்டையும் பார்த்தாள். பிறகு பார்க்க ஒன்றுமில்லை. மழை வெளியை மூடிவிட்டது. களப்பக்கமிருந்து ஆட்கள் கத்துவதும், அதைக் காற்று பிய்த்தெறிவதும் கேட்டது. ஒன்றரை மணித்தியாலம் பெய்தது. மாசியில் அப்படி ஒரு மழையை அந்த ஊரார் கண்டதில்லை.

இரவு அவர்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார்கள். எங்கே போவதென்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. விடிந்ததும் லியூ வாங்கை வைத்து ஏறி, கூரையின் தென்பக்கக் கிடுகுகளின் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான். ஆறாவது கிடுகை இறக்கும்போது பாலத்தடியில் வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு வண்டிகள். முன்வண்டியில் செல்வநாயகமும் ஏரம்புவும் இருந்தார்கள். சாக்கு மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன வேலை பாக்கிறாய்?" என்றார் செல்வநாயகம். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

"கொட்டில், ஐயா. விடியச் சொன்னனீங்கள்."

"இறங்கு."

லியூ இறங்கினான். செல்வநாயகம் உள்ளே எட்டிப் பார்த்தார். வாங்குகள், அடுப்பு, சீமெந்து இழுத்த தரை. அந்தத் தரை லியூவின் சொந்தக் கைவேலை.

"வீடு துடக்கு" என்றார் அவர், எவரையும் பார்க்காமல். "புது நெல்லை அங்கை ஏத்தேலாது. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியோணும். அயலிலை ஒரு சாண் நிலம் காயேல்லை. உந்த வாங்குகளைத் தூக்கி வெளியிலை வை."

புனிதம் அசையாமல் நின்றாள். "ஐயா, நேற்றுச் சொன்னது..."

"நான் சொன்னது சொன்னதுதான். இப்ப நெல்லுக் காயட்டும். பிறகு பாப்பம்."

"உது எப்ப காயும்?" என்றான் ஏரம்பு வண்டியிலிருந்து குதித்தபடி. "உந்த மேகத்தைப் பாத்தால் அடுத்த போகத்துக்குத்தான் காயும்."

"நீ வாயை மூடு."

"நான் மூடிக்கொண்டுதான் வந்தனான். பாலத்தடியிலைதான் திறந்தனான். மழை எங்கட களத்திலை மட்டுமே பெஞ்சது? பரந்தன் முழுக்கப் பெஞ்சது. பரந்தன் முழுக்கச் சீனண்ணையே சாப்பாடு அனுப்பினவன்?"

செல்வநாயகம் ஒரு மூட்டையின் வாயைப் பிடித்து இழுத்தார். மறுமுனையை லியூ பிடித்தான்.

காலை முழுதும் ஈர நெல்லைத் தரையில் பரவினார்கள். முளை கட்டுமுன் அதைக் காயவைக்க வேண்டும். கொட்டில் நிரம்பி, அடுப்பைச் சுற்றி ஒரு பாய் அகலம்தான் வெறுமையாக இருந்தது. லியூ தன் செருப்பைத் தன் கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்க் காலால் நெல்லைக் கிளறினான். செல்வநாயகம் வண்டிகளோடு அடுத்த நடைக்குப் போனார். போகும்போது, இறக்கிய ஆறு கிடுகுகளையும் காட்டி, "உதுகளைத் திரும்பக் கட்டு. நெல்லு நனையும்" என்றார்.

ஏரம்பு வெளியே போட்ட வாங்கில் இருந்து தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்தான். அவனுக்குக் களவிரதம் முடிந்திருந்தது.

"பிள்ளை, ஒரு கோப்பை நூடில்ஸ் போடு. முட்டையோடை."

புனிதம் இரண்டு முட்டைகளை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனவள், நெல்லின் விளிம்பில் நின்றுவிட்டாள்.

"அண்ணை, இதுக்குக் கிட்ட வைச்சு உடைக்கலாமோ?"

ஏரம்பு அந்தக் கேள்வியை ஆறுதலாக யோசித்தான். "களத்திலை கிடக்கும் மட்டும்தான் அது பொலி. எல்லை தாண்டினால் வெறும் நெல்லுத்தான். ஒண்டும் செய்யாது."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"எண்டாலும் பிள்ளை" என்றான் ஏரம்பு, "வெளியிலை கொண்டுவந்து உடை."